பூனைக்கு ஒரு தள்ளுகதவு

குன்னூர், கோத்தகிரி போன்ற ஊர்களில் குளிருக்காகக் கதவைச் சாத்தியே வைக்க வேண்டியிருப்பதால், சமையலறைப் பின்கதவின் அடிப்பகுதியில் பூனைக்கென ஒரு சிறு தள்ளுகதவு பொருத்துவது நல்லது. நிற்கும் பூனையின் வயிறு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அங்கே திறப்பின் கீழ்விளிம்பு அமைய வேண்டும். பெரும்பாலும் அது தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் இருக்கும். அளவைப் பென்சிலால் வரைந்து, நான்கு மூலைகளிலும் துளையிட்ட பின்னரே ரம்பத்தை இறக்குங்கள். அறுத்த விளிம்புகளுக்கு இரண்டு முறை வார்னிஷ் பூசாவிட்டால், மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பி, தள்ளுகதவு இறுகிக்கொள்ளும். எங்கள் பூனை நெற்றியால் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு நனைந்தபடியே படியில் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. சிறுத்தை நடமாட்டமுள்ள மலை என்பதால், இருட்டுவதற்குள் பூனையை உள்ளே அழைத்துத் தள்ளுகதவைத் தாழிட்டுவிடுங்கள்.