எந்தச் செடி எத்தனை நாளில் வரும்?

முருங்கை விதையையும் கறிவேப்பிலைக் கன்றையும் ஒரே நாளில் தரையில் வையுங்கள். பி.கே.எம்-1 என்ற செடிமுருங்கை ரகம் என்றால் மூன்று மாதத்தில் பூவெடுத்து, ஆறு மாதத்தில் ஆளுயரம் தாண்டிக் காய்த்து நிற்கும். கறிவேப்பிலை அப்போதும் முழங்கால் உயரம்தான் இருக்கும். அதற்கு நோய் இல்லை, அதன் வேகமே அவ்வளவுதான். இது புரியாமல் யூரியாவை அள்ளிப் போட்டு, இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றி, வேரை அழுக வைத்துவிடுகிறோம்.

புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் கீரையில் தொடங்குவது நல்லது. வெந்தயத்தை இரவு ஊறவைத்துத் தூவினால் மூன்றாம் நாள் முளைத்துவிடும், 20–25 நாளில் பிடுங்கலாம். சிறுகீரைக்கும் ஏறக்குறைய 25 நாள்தான். அரைக்கீரை முதல் அறுப்புக்கு ஒரு மாதம் கேட்கும். நாலு விரல் உயரம் விட்டு அறுத்தால் இரண்டு வாரத்தில் மறுபடி தழைக்கும். கீரை விதை மிகப் பொடிசு என்பதால் மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டால் போதும். ஒரு வாரமாகியும் முளைக்கவில்லையென்றால் பெரும்பாலும் விதை ஆழத்தில் போயிருக்கும், இல்லையென்றால் எறும்பு தூக்கியிருக்கும். ஓரத்தில் கொஞ்சம் ரவை தூவிவிட்டால் எறும்பு அதை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும்.

கொத்தமல்லி கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட்டாலும் முளைக்க 8–12 நாள், பறிக்க 40 நாள் ஆகும். கோடை வெயிலில் தழைக்காமல் சீக்கிரமே பூத்துவிடும்.

காய்களில் வெண்டைதான் வேகம். நேரடியாக விதைத்தால் 45–50 நாளில் முதல் காய் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும், தவறினால் நாராகிவிடும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் நாற்று விட்டு எடுத்து நட வேண்டும். தக்காளி நாற்று 25 நாளில் தயாராகும், மிளகாய்க்கு 40 நாள் வரை ஆகும். நட்ட பிறகு காய் பார்க்க இன்னும் இரண்டு, இரண்டரை மாதம். இலை கரும்பச்சையாகச் செழித்தும் பூ வரவில்லையென்றால் தழைச்சத்து (யூரியா தரும் நைட்ரஜன்) கூடிவிட்டது என்று அர்த்தம். யூரியாவை நிறுத்துங்கள்.

கறிவேப்பிலையை விதையிலிருந்து வளர்ப்பதானால், கறுத்துப் பழுத்த பழத்தின் சதையைக் கழுவிவிட்டு உடனே விதைக்க வேண்டும். காயவைத்து எடுத்துவைத்த விதை முளைக்காது. முளை வர மூன்று வாரம் ஆகலாம். முதல் வருடம் இலையில் கைவைக்காதீர்கள், இலைதான் அதற்குச் சமையல்கட்டு. செடி மூன்றடி தாண்டியதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும். அதன்பின் பறிக்கும்போது இலையை மட்டும் உருவாமல், கொத்தைக் காம்போடு ஒடியுங்கள். மார்கழி, தை மாதக் குளிரில் துளிர் நின்றுபோகும். அப்போது உரம் வேண்டாம், வெயில் ஏறியதும் ஒரு கை மண்புழு உரம் போதும்.

வீட்டுக்குள் வைப்பவற்றில் மணி பிளாண்ட்தான் ஓட்டக்காரன். ஒரு கணுவாவது தண்ணீருக்குள் இருக்கும்படி தண்டை வைத்தால் இரண்டு வாரத்தில் வேர் விடும். கணு இல்லாத வெறும் இலை மாதக்கணக்கில் பச்சையாக இருந்தாலும் கொடியாகாது.

ஸ்நேக் பிளாண்ட் இதற்கு நேர் எதிர். இலையைத் துண்டு போட்டு நட்டால் வேர் விடவே ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும், பக்கக் குருத்து எட்டிப்பார்க்க இன்னும் சில மாதம். மஞ்சள் கரையுள்ள ரகத்தை இப்படிப் பெருக்கினால் குருத்து வெறும் பச்சையாகத்தான் வரும். கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நடுங்கள். துண்டைத் தலைகீழாக நட்டால் வேர் வராது. வெட்டும்போதே அடிப்பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.