சாதாரண கேமராவால் ஆட்டுக்கல்லை அளப்பது எப்படி?

பல கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து ஒரு பொருளின் அளவுகளைக் கணக்கிடும் ஒளிப்பட அளவியலுக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஆனால் முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை லென்ஸுக்கும் சென்சாருக்கும் (ஒளியைப் படமாக்கும் சில்லு) இடையிலான அமைப்பு இம்மியும் மாறக் கூடாது. பழகிப் பார்க்கக் கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லே போதும். கொத்திய கருங்கல்லின் புள்ளிகளை மென்பொருள் எளிதில் அடையாளம் காணும்.

முதலில் கேமராவைக் கட்டிப்போட வேண்டும். ஜூம் லென்ஸைத் தவிர்த்து, 35 மி.மீ. போன்ற மாறாக் குவியத் தூர லென்ஸை மாட்டுங்கள். கல்லின் மேல் ஒருமுறை ஃபோகஸ் செய்தபின் ஆட்டோஃபோகஸை அணைத்து, ஃபோகஸ் வளையத்தை செலோடேப்பால் ஒட்டிவிடுங்கள். அதிர்வுத் தடுப்பையும் அணைக்க வேண்டும்; அது லென்ஸுக்குள் ஒரு கண்ணாடியையோ சென்சாரையோ படத்துக்குப் படம் நகர்த்திவிடும். நான் முதன்முறை இதை மறந்துவிட்டு, ஒரு மதியம் முழுக்க எடுத்த படங்களைத் தூக்கிப் போட்டேன். கேமரா தானாகச் செய்யும் லென்ஸ் கோணல் திருத்தமும் வேண்டாம். ட்ரைபாட், எஃப் 8 துளை, ஐஎஸ்ஓ 100, நிழல் வெளிச்சம் ஆகியவை போதும்.

எவ்வளவு தள்ளி நிற்பது? 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு) சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 0.0039 மி.மீ. அதைத் தூரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரமான 35 மி.மீட்டரால் வகுத்தால், 1.75 மீட்டர் தள்ளி நிற்கும்போது ஒரு பிக்சல் கல்லின் மேல் சுமார் 0.2 மி.மீ. இடத்தைக் காட்டுகிறது என்று தெரியவரும்.

கல்லின் இருபுறமும், இரண்டு குறிகள் இட்ட அலுமினியப் பட்டை ஒவ்வொன்றை வைத்து, ஒவ்வொரு பட்டையிலும் குறிகளுக்கு இடையிலான தூரத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டேப்பால் அளப்பதானால் 10 செ.மீ. கோட்டிலிருந்து தொடங்குங்கள், அதன் கொக்கி முனை சற்றே ஆடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது.

கல்லை நகர்த்தாமல் நீங்கள் சுற்றி வந்து, 10 பாகைக்கு ஒன்றாக 36 படங்களும், உயரத்தை மாற்றி இன்னொரு சுற்றும் எடுங்கள். பிறகு கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிச் சில படங்கள் எடுப்பது அவசியம். லென்ஸின் கோணலையும் படத்தின் உண்மையான மையத்தையும் மென்பொருள் பிரித்தறிய அவையே உதவுகின்றன.

படங்களை வெட்டாமல், சுருக்காமல் மெஷ்ரூம் அல்லது மெட்டாஷேப் என்ற மென்பொருளில் ஏற்றுங்கள்; அது படங்களிலிருந்து கல்லின் முப்பரிமாண மாதிரியை உருவாக்கும். ஒரு பட்டையின் நீளத்தை மட்டும் கொடுத்து மாதிரிக்கு அளவு ஏற்றியபின், மற்றதன் நீளத்தை மாதிரியிலேயே அளந்து பாருங்கள். மென்பொருள் தானே காட்டும் பிழை எண் சிறிதாக இருப்பதை நம்பிவிடாதீர்கள். தவறான அமைப்பிலும் அது சிறிதாகவே வரக்கூடும். இரண்டாம் பட்டையின் நீளம் அரை மி.மீட்டருக்கு மேல் பிசகினால், கணினியை விட்டு எழுந்து போய் முதலில் அந்த செலோடேப் நழுவியிருக்கிறதா என்று பாருங்கள்.