ஒரு ரயில் பாதை ஏன் தாமதமானது என்று கோப்புகளைத் தேடுவது எப்படி

2008-ல் சென்னையில் வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் வேலை தொடங்கியபோது என் மகன் இரண்டாம் வகுப்பு. ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கிட்டே ஒரு தூண் எழும்பி, பாதியில் நின்றது. உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைப் பள்ளிக்குப் போகும்போது எண்ணுவான். கம்பி துருவேறி, இடுக்கில் அரசங்கன்று முளைத்து, அவன் காலேஜில் சேர்ந்த பிறகும் தூண் அப்படியேதான் நின்றது. மொத்தப் பாதையே 5 கிலோமீட்டர். நில எடுப்பு வழக்கில் மாட்டியது அதில் சுமார் அரை கிலோமீட்டர்.

யாரைக் கேட்டாலும் “அடுத்த வருஷம் வந்துடும்” என்றார்கள். அப்புறம்தான் காகிதங்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். உங்கள் பகுதியிலும் இப்படி ஒரு திட்டம் இழுத்துக்கொண்டிருந்தால் நீங்களும் செய்யலாம்.

ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: அறிவிப்பு, ஒப்புதல், பணம், நிலம். செய்தியில் நான்கும் ஒன்றாகக் கலந்து வரும், பிரித்து எழுதினால்தான் எது எங்கே நின்றது என்று தெரியும். முதல் பக்கத்தில், பறக்கும் ரயில் ஒவ்வொரு பகுதியாகத் திறந்த வருடங்கள்: கடற்கரை–சேப்பாக்கம் 1995, திருமயிலை 1997, திருவான்மியூர் 2004, வேளச்சேரி 2007. திருமயிலை வரை முழுச் செலவும் ரயில்வேயுடையது. அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு மாநில அரசுடையது. அதனால் திருமயிலைக்கு அப்பால் எந்தக் கோப்பையும் இரண்டு இடத்தில் தேட வேண்டும்.

பணப் பத்திக்கு, பட்ஜெட்டோடு ரயில்வே வெளியிடும் ‘பிங்க் புக்’ போதும், இணையத்திலேயே இருக்கிறது. மாநகரப் போக்குவரத்துத் திட்டங்கள் என்ற தலைப்பில் தேடுங்கள். ஒவ்வொரு வருடத்து ஒதுக்கீட்டையும் வரிசையாக எழுதினால் வேலை நடந்த வருடமும் தூங்கிய வருடமும் பளிச்சென்று தெரியும். வேளச்சேரி–பரங்கிமலை பாதைக்கு முதலில் போட்ட மதிப்பு 495 கோடி, பிறகு 734 கோடி ஆனது.

நிலப் பத்திதான் கஷ்டம், கதையும் அங்கேதான் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட வேண்டும், கட்டணம் 10 ரூபாய். என் முதல் மனுவில் “ஏன் தாமதம்?” என்று கேட்டேன். ‘விளக்கம் தர இயலாது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் சட்டம் தரச் சொல்வது அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணங்களைத்தான். அதனால் இப்படிக் கேளுங்கள்: “வேளச்சேரி–பரங்கிமலை பாதைக்காக ஆதம்பாக்கத்தில் வெளியிட்ட நில எடுப்பு அறிவிக்கைகளின் நகல், சர்வே எண் வாரியாக இழப்பீடு நிர்ணயித்த உத்தரவுகளின் நகல்.” இரண்டாவது முறை இப்படிக் கேட்டதும் பக்கங்கள் வந்தன.

இன்னொன்று. ஆதம்பாக்கம் இருக்கும் ஆலந்தூர் வட்டம் 2018-ல்தான் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய நிலக் கோப்பு காஞ்சிபுரத்தில் இருக்கலாம். சென்னையில் மட்டும் கேட்டுவிட்டு ‘இல்லை’ என்ற பதிலை நம்பிவிடாதீர்கள். மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்தாலும் 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும், அதையும் மனுவில் ஒரு வரி எழுதிவிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

விட்டுப்போன தேதிகளுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்கள். காலையிலேயே போய்விடுங்கள். நகல் எடுக்கும்போது செய்தியை மட்டும் எடுக்காமல் நாளிதழின் பெயரும் தேதியும் உள்ள மேல்விளிம்பையும் சேர்த்து எடுங்கள். நான் எடுக்காமல் விட்டு, ஒரே ஒரு தேதிக்காக இரண்டாம் முறை போனேன்.