எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியர்: ஒப்பிட்டு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தை டியூடர் வம்சம் ஆண்ட கால வரலாற்றுக்குள் புதிதாக வருகிறவர்கள் முதலில் போடுவது ஓர் அட்டவணை. ஆறு பத்தி, ஆறு பெயர், அடியில் ‘முடிவு’ என்று ஒரு வரி: விவாகரத்து, தலைவெட்டு, மரணம், விவாகரத்து, தலைவெட்டு, பிழைத்தார். இங்கிலாந்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பாட்டு அது. வரிசை மறக்காமல் இருக்க உதவும், ஒப்பிட உதவாது. இந்தப் பாடத்தில் பழகிய எல்லோரும் ஒரு காலத்தில் அந்த அட்டவணையைப் போட்டவர்கள்தான். அதனால் புதியவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்பது முன்கூட்டியே தெரிகிறது. ஏழாம் ஹென்றியையும் எட்டாம் ஹென்றியையும் மாற்றி எழுதுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். இரண்டாம் வாசிப்பில் அவை தாமாகவே திருந்திவிடும்.

அந்தப்புரம் என்று நினைத்துக்கொள்வது

தமிழில் எழுதும்போது இது தனி ஆபத்து. ‘மூத்த தாரம்’, ‘இளைய தாரம்’, ‘அந்தப்புரம்’ என்ற சொற்கள் கைக்கு எளிதாக வருகின்றன. வரும்போதே பல அரசியர் ஒரே காலத்தில் வாழ்ந்த அரண்மனை ஒன்றையும் இழுத்துக்கொண்டு வருகின்றன. ஹென்றியின் இங்கிலாந்தில் அப்படி ஒன்று கிடையாது. திருச்சபைச் சட்டப்படி ஒரு நேரத்தில் ஒரே மனைவி. இரண்டாவதாக ஒருத்தியை வைத்துக்கொள்ள வழியிருந்திருந்தால் ரோமில் இருந்த போப்போடு அத்தனை பெரிய மோதலுக்கே தேவை இருந்திருக்காது.

‘பட்டத்தரசி’ என்ற சொல்லையும் பார்த்துப் போடுங்கள். ஆறு பேரும் அரசியர்தான். ஆனால் முடிசூட்டு விழா நடந்தது இருவருக்கு மட்டுமே: அரகான் கேத்தரினுக்கு 1509 ஜூன் 24, ஆன் பொலினுக்கு 1533 ஜூன் 1. மகனைப் பெற்றுக்கொடுத்த ஜேன் சீமோருக்குக்கூட நடக்கவில்லை.

ஆறு பேருக்கும் சம இடம் ஒதுக்குவது

அரகான் கேத்தரினோடு ஹென்றியின் திருமணம் நீடித்தது 1509 ஜூன் 11 முதல் 1533 மே 23 வரை, அதாவது 24 ஆண்டுக்கு 19 நாள் குறைவு. மற்ற ஐந்து திருமணங்களையும் கூட்டினாலும் பத்தரை ஆண்டு தேறாது. ஆன் பொலின் சுமார் 3 ஆண்டு 4 மாதம், ஜேன் சீமோர் 17 மாதத்துக்குச் சற்றுக் குறைவு, கிளீவ்ஸ் ஆன் 6 மாதம், கேத்தரின் ஹோவர்ட் சுமார் ஒன்றரை ஆண்டு, கேத்தரின் பார் சுமார் மூன்றரை ஆண்டு.

ஆறு பத்தியையும் ஒரே அகலத்தில் போட்டால் முதலாமவர் ‘கழற்றிவிடப்பட்ட கிழவி’யாகச் சுருங்கிப்போகிறார். 1513-இல் ஹென்றி பிரான்ஸில் போரில் இருந்தபோது நாட்டை ஆண்டவர் அவர். அந்தச் செப்டம்பரில் ஃபிளாடன் போரில் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் விழுந்தார். அவருடைய ரத்தம் தோய்ந்த அங்கியைக் கேத்தரின் கணவருக்கு அனுப்பிவைத்தார். இதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்தவர் கேத்தரின் பார் ஒருவர்தான். 1544-இல் ஹென்றி மறுபடியும் பிரான்ஸ் போனபோது ஆட்சிப் பொறுப்பை அவரிடம் விட்டுப் போனார். இந்த இருவரையும் இணைத்துப் பார்க்கும் கட்டுரை அரிதாகவே வருகிறது. பாட்டின் வரிசையில் ஒருவர் முதல் முனையிலும் மற்றவர் கடைசி முனையிலும் இருப்பதுதான் காரணம்.

கணவனும் ஒரே ஆள் அல்ல. முதல் திருமணத்தில் அவருக்கு 18 நிறையவில்லை. கடைசித் திருமணத்தில் 52, காலில் ஆறாத புண்.

‘விவாகரத்து’ என்று எழுதுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வருவது இது. இன்றும் பார்த்தவுடன் எரிச்சல் மூட்டுவதும் இதுவே. ‘ஒரு சொல்தானே, அர்த்தம் புரிகிறதே’ என்பார்கள். இந்த ஒரு சொல் தவறினால் பின்னால் வரும் பிள்ளைகளின் நிலை, வாரிசுரிமை, ஆன் பொலினின் கடைசி மூன்று நாள் எல்லாமே புரியாமல் போகும்.

விவாகரத்து என்றால் திருமணம் நடந்தது, செல்லுபடியாக இருந்தது, இன்றோடு முறிந்தது என்று பொருள். ஹென்றி ஒரு முறைகூட அதைக் கேட்கவில்லை. அவர் கேட்டது, நடந்தது தொடக்கத்திலிருந்தே திருமணமே அல்ல என்ற தீர்ப்பு. அதைச் ‘செல்லாத் திருமணம் என்ற அறிவிப்பு’ என்று எழுதுங்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

முதல் வழக்கைப் பாருங்கள். அரகான் கேத்தரின் ஹென்றியின் அண்ணன் ஆர்தரின் விதவை. 1501 நவம்பரில் மணந்து, 1502 ஏப்ரலில் லட்லோவில் கணவரை இழந்தவர். அண்ணன் மனைவியை எடுப்பது லேவியராகமம் 20:21-இன்படி பாவம், பிள்ளையில்லாமல் போவார்கள் என்பது ஹென்றியின் வாதம். பிள்ளையின்றி இறந்த சகோதரனின் மனைவியை மணக்கச் சொல்லும் உபாகமம் 25:5 எதிர்த்தரப்பு கையில். போப் இரண்டாம் ஜூலியஸ் 1503 டிசம்பர் தேதியிட்டுக் கொடுத்த விலக்கு ஆணையில், ஆர்தரோடு தாம்பத்தியம் நடந்திருக்கலாம் என்பதற்கு ‘ஒருவேளை’ என்று ஒரே ஒரு சொல் இருந்தது. நடக்கவே இல்லை என்று கேத்தரின் கடைசிவரை சத்தியம் செய்தார். 1529-இல் லண்டன் பிளாக்ஃப்ரையர்ஸில் கூடிய சபையில் எல்லோர் முன்னிலையிலும் கணவரின் முன் மண்டியிட்டு அதையே சொல்லிவிட்டு, திரும்பக் கூப்பிட்டும் நிற்காமல் வெளியே போனார். விவாகரத்து வழக்கில் இந்தச் சத்தியத்துக்கு வேலையே இல்லை. செல்லுமா செல்லாதா என்ற வழக்கில் அதுதான் முழுக் கேள்வி.

அடுத்தது தேதிகள். ஆன் பொலினோடு ரகசியத் திருமணம் 1533 ஜனவரி 25. கேத்தரினின் திருமணம் செல்லாது என்று பேராயர் கிரான்மர் டன்ஸ்டபிளில் அறிவித்தது மே 23. ‘விவாகரத்து’ என்று எழுதியவருடைய அட்டவணையில் ஹென்றி நான்கு மாதம் இரண்டு மனைவியரோடு இருந்தவர் ஆகிறார். ‘செல்லாது’ என்று எழுதினால் அவர் தரப்பு வாதம் புரியும்: 1509 முதலே அவர் மணமாகாதவர், அதனால் ஜனவரியில் மணந்துகொள்ளத் தடையில்லை. எலிசபெத் பிறந்தது அந்தச் செப்டம்பர் 7. அவசரம் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, 1536 மே. ஆனுக்குத் தண்டனைத் தீர்ப்பு மே 15. அவருடைய திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது மே 17. தலை போனது மே 19. ‘மனைவியே இல்லை என்றால் நடத்தை கெட்டவள் என்ற குற்றம் எப்படி நிற்கும்?’ என்று படிக்கிறவர் கேட்பார், கேட்க வேண்டும். தீர்ப்பு வந்த அன்று அவர் சட்டப்படி அரசி. குற்றப்பத்திரிகையில் மன்னரைக் கொல்லச் சதி என்ற ராஜதுரோகமும் இருந்தது. சாகப்போகிறவருடைய திருமணத்தை இரண்டு நாள் முன்பு ரத்து செய்ததன் விளைவு மகள் மேல் விழுந்தது. இரண்டரை வயது எலிசபெத் அன்றோடு முறையான வாரிசு அல்லாமல் போனாள்.

பாட்டு சொல்லாமல் விடுவது இதைத்தான். ‘தலைவெட்டு’ என்று ஒரே சொல்லில் வரும் இருவரில் ஆனுக்குத் திருமணமும் ரத்து, உயிரும் போயிற்று. கேத்தரின் ஹோவர்டுக்குச் செல்லாது என்ற தீர்ப்பு கிடையாது. 1541 நவம்பரில் அரசிப் பட்டத்தைப் பறித்தார்கள். ஆனுக்கு விசாரணையாவது நடந்தது. இவருக்கு அதுவும் இல்லாமல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலமே தண்டனை, 1542 பிப்ரவரி 13. ஆனுக்கு வாள், அதற்காகவே கலேயிலிருந்து ஆள் வரவழைக்கப்பட்டான். இவருக்குக் கோடரி. இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைப்பது ஒப்பீடு அல்ல.

பிள்ளைகளின் கணக்குக்கு வாருங்கள். 1534 வாரிசுரிமைச் சட்டம் அரகான் கேத்தரினின் மகள் மேரியை ஒதுக்கியது, 1536 சட்டம் எலிசபெத்தையும் ஒதுக்கியது. 1544-இல் நிறைவேறிய மூன்றாம் சட்டம் இருவரையும் வரிசையில் சேர்த்தது, ஆனால் முறைப்படி பிறந்தவர்கள் என்று சொல்லவில்லை. மேரி அரசியானதும் 1553-இல் தாயின் திருமணம் செல்லும் என்று சட்டம் போட்டார். எலிசபெத் 1559-இல் தன் ஆட்சியுரிமையை மட்டும் உறுதிசெய்துகொண்டார், தாயின் வழக்கைக் கிளறவில்லை. ஜேன் சீமோரின் மகன் எட்வர்டின் பிறப்பை மட்டும் யாரும் கேள்வி கேட்க முடியவில்லை. ஜேனை ஹென்றி மணந்த 1536 மே 30 அன்று முதலிரு மனைவியரும் உயிரோடு இல்லை. எந்தத் திருமணம் செல்லும் என்று நீங்கள் கருதினாலும் அன்று அவர் மனைவியில்லாதவர். ஜேனை ‘அமைதியானவள், பிடித்தமானவள்’ என்று குணத்தால் மட்டும் அளக்கிறவர்கள் இந்தத் தேதிக் கணக்கைத் தவறவிடுகிறார்கள்.

கிளீவ்ஸ் ஆனுக்கும் அதே சொல்தான். 1540 ஜூலை 9, செல்லாது. லொரேன் பிரபுவின் மகனோடு சிறுவயதில் பேசிய சம்பந்தம், தாம்பத்தியம் நடக்காதது, மன்னருக்கு மனப்பூர்வச் சம்மதம் இல்லாதது என்பவை காரணங்கள். அவர் வாதாடாமல் ஏற்றுக்கொண்டார். ‘மன்னரின் அன்புச் சகோதரி’ என்ற தகுதியும் ரிச்மண்ட் அரண்மனையும் கிடைத்தன.

ஆகவே ‘முடிவு’ என்ற ஒரே வரியை அழித்துவிட்டு நான்கு வரி போடுங்கள்: திருமணம் சட்டப்படி எப்படி, எந்தத் தேதியில் முடிந்தது, அந்தப் பெண் எங்கே, எப்போது இறந்தார், இடையில் அவருக்கு இருந்த பட்டம் என்ன, பிள்ளையின் நிலை எந்தச் சட்டப்படி. அரகான் கேத்தரினுக்கு மூன்றாம் வரியில் ‘இளவரசர் ஆர்தரின் விதவை’ என்று வரும். கிம்போல்டன் கோட்டையில் சாகும்வரை அவர் அதை ஏற்கவில்லை.

‘பிழைத்தவர் கேத்தரின் பார் மட்டும்’

அவர் 1548 செப்டம்பர் 5-இல் பிரசவம் முடிந்த சில நாளில் இறந்தார். கிளீவ்ஸ் ஆன் 1557 ஜூலை வரை இருந்தார்.

மூன்று கேத்தரின், இரண்டு ஆன்

வெறும் ‘கேத்தரின்’ என்று ஒரு தடவைகூட எழுதாதீர்கள்.

‘ஆண்பிள்ளை பெறாதவர்’

அரகான் கேத்தரின் பெற்றார். 1511 ஜனவரி முதல் நாள் பிறந்த குழந்தைக்கு ஹென்றி என்றே பெயர். வெஸ்ட்மின்ஸ்டரில் போட்டிப் பந்தயங்களோடு கொண்டாட்டம். 52-ஆம் நாள் குழந்தை இறந்தது. ‘மகன் இல்லை’ என்பதற்கும் ‘மகன் தங்கவில்லை’ என்பதற்கும் உள்ள தூரத்தில்தான் அந்தத் திருமணத்தின் பின்பாதி இருக்கிறது.

ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதிகள்

அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு மாறுவது மார்ச் 25. ஆகவே அரகான் கேத்தரின் இறந்த 1536 ஜனவரி 7, அக்கால ஏடுகளில் 1535. கேத்தரின் ஹோவர்டின் 1542 பிப்ரவரி, 1541. மூல ஆவணத்திலிருந்து எடுக்கும்போது ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை உள்ள தேதிக்கு ஓராண்டு கூட்டுங்கள். கால அளவு கணக்கில் ஓராண்டு உதைத்தால் முதலில் இங்கே தேடுங்கள்.

யார் சொன்னது, எப்போது சொன்னது

ஆன் பொலினுக்கு ஆறாவது விரல் என்று எழுதியவர் நிக்கோலஸ் சாண்டர். அது அச்சில் வந்தது 1585-இல். ஆன் செத்தபோது அவர் சிறுபிள்ளை. கிளீவ்ஸ் ஆனைப் ‘பிளாண்டர்ஸ் குதிரை’ என்று ஹென்றி இகழ்ந்ததாகச் சொல்வது 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி எழுத்து. நேரில் இருந்து எழுதியவர் புனித ரோமப் பேரரசரின் தூதர் யூஸ்டஸ் சாப்பியூஸ். ஆனால் அவர் அரகான் கேத்தரின் கட்சி, ஆன் பொலினை ‘வைப்பாட்டி’ என்றே கடிதத்தில் குறிப்பிடுவார். நேரில் பார்த்தவர் என்பதற்காக நடுநிலையானவர் ஆகிவிட மாட்டார்.

படத்தைப் பார்த்து முகத்தை ஒப்பிடுவது

கிளீவ்ஸ் ஆனை ஓவியர் ஹோல்பைன் 1539-இல் நேரில் பார்த்துத் தீட்டிய படம் பாரிஸ் லூவரில் இருக்கிறது. ஆன் பொலினுக்கு அவர் காலத்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது முகம் சிதைந்த 1534 பதக்கம் ஒன்றுதான். நாம் பார்க்கும் கழுத்து முத்துமாலைப் படங்கள் பின்னால் வரைந்தவை. கேத்தரின் ஹோவர்டுக்கு ஐயமற்ற படம் ஒன்றுகூட இல்லை. லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் உள்ள முழு உருவப் படம் ஒன்று நெடுங்காலம், ஒன்பது நாள் அரசியாக இருந்த ஜேன் கிரே என்ற பெயரில் தொங்கியது. மார்பில் குத்தியிருக்கும் கிரீட வடிவப் பதக்கத்தை நகைப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே அது கேத்தரின் பார் என்று தெரிந்தது.