எண்ட் பாயிண்ட் வராத டைட்ரேஷன்: உலோக அயனிகளைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை சித்திரைத் திருவிழாவுக்குத் தயாராகும் நாட்களில்தான் எங்கள் லேபிலும் எம்.எஸ்சி. பிராக்டிக்கல் சூடுபிடிக்கும். வருடா வருடம் முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மட்டும் எங்கள் காலத்தவையே. தாள் குரோமட்டோகிராபியில், அதாவது கரைப்பான் தாளில் ஏறும்போது அயனிகளைப் பிரிக்கும் முறையில், தாளில் பேனாவால் கோடு போடுவது, பொட்டு கரைப்பானுக்குள் மூழ்குவது போன்றவை முதல் நாளே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிக்கல் இல்லை என்று எழுதிவிடுவது

இரும்பு, செம்பு, கோபால்ட், நிக்கல் கலவையை அசிட்டோன், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைப்பானில் ஏற்றினால் இரும்பு முன்னால் ஓடிவிடும், நிக்கல் பின்தங்கும். உடனே நிக்கலை ரோஸ் நிறமாகக் காட்டும் டைமெத்தில் கிளையாக்சைமைத் தெளிக்கிறார்கள். ரோஸ் நிறம் வருவதில்லை. தாளில் அமிலம் இருக்கும்போது எப்படி வரும்? முதலில் அம்மோனியா ஆவியில் காட்டுங்கள், அப்புறம் தெளியுங்கள்.

ஃபேனுக்குக் கீழே குரோமட்டோகிராபி ஜாடி

வேண்டாம். அசிட்டோனின் கொதிநிலை 56 டிகிரிதான். நம்ம ஊர் வெயிலில் மூடி சரியாக உட்காராத ஜாடியில் கரைப்பானின் விகிதமே மாறிவிடும்.

அமிலத்தைக் கொல்லாமல் டைட்ரேஷன்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் எதிரயனி ரெசினில், அதாவது எதிர்மின் அயனிகளைப் பிடித்துவைக்கும் மணிகள் நிரப்பிய குழாயில், பிரிக்கும் சோதனை. 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகம் குளோரைடோடு சேர்ந்து எதிர்மின் அயனியாகி ரெசினில் ஒட்டிக்கொள்ளும். மெக்னீசியம் ஒட்டாமல் இறங்கிவிடும். அப்புறம் தண்ணீரும் நீர்த்த நைட்ரிக் அமிலமும் விட்டால் துத்தநாகமும் வெளியே வரும். சொட்டுச் சொட்டாக இறங்குவதற்கே மதியம் முழுக்கப் போய்விடும்.

இவ்வளவு பொறுமையாகப் பிரித்த மெக்னீசியக் கரைசலை அப்படியே கோனிக்கல் ஃபிளாஸ்கில் கொட்டி, ரெண்டு மில்லி பஃபர் (பிஎச்சை, அதாவது அமில-கார அளவை, 10 பக்கம் நிறுத்தும் கரைசல்), ஒரு சிட்டிகை ஈபிடி (நிறம் காட்டும் இண்டிகேட்டர்) போட்டு, உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏவை பியூரெட்டிலிருந்து விடத் தொடங்குவார்கள். உலோகம் தீர்ந்ததும் சிவப்பு நீலமாக வேண்டும், அதுதான் எண்ட் பாயிண்ட். ஒயின் சிவப்பு மாறாது. போன முறை ஒரு பெண் வந்து, "சார், பியூரெட்டை ரெண்டாவது தடவை நிரப்பிட்டேன், இன்னும் நீலமே வரலை. மெக்னீசியம் ரொம்ப அதிகமோ?" என்றாள். பக்கத்து மேசைப் பையனோ இண்டிகேட்டர் பழசு என்று தீர்ப்பே சொல்லிவிட்டான்.

கணக்குப் போட்டால் புரியும். 2 மோலார் அமிலம் 50 மில்லியில் 0.1 மோல் அமிலம் இருக்கிறது. நம் பஃபரில், அதாவது 17.5 கிராம் அம்மோனியம் குளோரைடும் 142 மில்லி அடர் அம்மோனியாவும் சேர்த்து 250 மில்லியாக்கியதில், ரெண்டு மில்லிக்கு அம்மோனியா சுமார் 0.017 மோல்தான். பத்து மில்லி ஊற்றினாலும் அமிலம் மிஞ்சும். பிஎச் 10 பக்கம் போகவே போகாது. அமிலத்தில் ஈபிடிக்குச் சொந்த நிறமே சிவப்பு. உலோகம் தீர்ந்தாலும் சிவப்பு, தீராவிட்டாலும் சிவப்பு. லிட்டர் கணக்கில் ஈடிடிஏ ஊற்றினாலும் நீலம் வராது.

முழுக் கரைசலையும் ஒரே ஃபிளாஸ்கில் கொட்டியிருந்தால் திரும்பச் செய்யவும் வழியில்லை. ரெசினிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, பக்கத்து மேசை மதிப்பைத் திருப்பிக் கணக்குப் போட்டு ரெக்கார்டில் எழுதுவது தனிக் கலை. வைவாவில் அது நிற்காது.

இறங்கிய கரைசலை ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்கில் 100 மில்லியாக்கி, 20 மில்லி மட்டும் பிப்பெட்டில் எடுங்கள். அமிலத்தைக் கொல்ல, அதாவது நடுநிலையாக்க, சோடியம் ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கண்ணாடிக் குச்சியால் தொட்டு லிட்மஸில் பாருங்கள். அதிகமானால் மெக்னீசியம் வெள்ளையாகக் கலங்கும். அதன் பிறகுதான் பஃபர். பஃபர் விட்டபின் பிஎச் தாளில் 10 காட்டுகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். துத்தநாகப் பகுதியிலும் அமிலம் உண்டு, அதை மறந்துவிடுகிறார்கள்.

போர்வெல் தண்ணீரில் கடைசி அலசல்

அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் உங்கள் கணக்கில் ஏறும்.

ரெசினைக் காயவிட்டு டீக்குப் போவது

மேல்மட்டம் வறண்டால் காற்றுக் குமிழி புகுந்து, கரைசல் இடுக்கு வழியே ஓடி, துத்தநாகமும் மெக்னீசியத்தோடு வந்துவிடும். குமிழி தெரிந்தால் அடியிலிருந்து தண்ணீர் ஏற்றி, ரெசினைக் கலக்கி, மறுபடி படியவிடுங்கள். கலவையை ஊற்றியபின் காய்ந்தால் அந்தக் கலவை போனதுதான்.