பஞ்சாயத்து முடிவுக்கு அப்பீல் எங்கே போடுவது?

காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவள் நான். அப்பா கடலுக்குப் போய்ச் சம்பாதித்து வாங்கிய மனை, 600 சதுர அடி. உயில் எழுதாமல் போய்விட்டார். "கட்டிக்கொடுத்த பொண்ணுக்குச் சீர் செஞ்சாச்சு, வீடு அண்ணன்களுக்கு" என்று ஊர்ப் பஞ்சாயத்தில் முச்சலிக்கையை, அதாவது சம்மதம் எழுதிய ஒப்பந்தத் தாளை, நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. அக்கா தங்கைகளே, நீங்களும் போடாதீர்கள். சம்மதித்துப் போட்ட கையெழுத்து, குடும்ப ஏற்பாடு என்ற பெயரில் பின்னால் கோர்ட்டில் உங்களுக்கே எதிராக வந்து நிற்கும்.

சரி, அந்த முடிவுக்கு அப்பீல் எங்கே? எங்கேயும் இல்லை, தேவையும் இல்லை. ஊர் சொன்னது சட்டப்படி உங்களைக் கட்டாது. நேராகப் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாத அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் அம்மா, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் உண்டு. கல்யாணம் ஆனதைக் காட்டிக் குறைக்க முடியாது. எங்கள் வீட்டில் அம்மா, இரண்டு அண்ணன், நான். ஆளுக்குக் கால் பங்கு.

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று எடுங்கள். மூலப் பத்திரம் அண்ணன் பீரோவில் இருந்தால் கெஞ்ச வேண்டாம், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும். வக்கீலுக்குப் பணம் இல்லையா? பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

கோர்ட்டில் தோற்றால்தான் அப்பீல். பாகவழக்கில் இரண்டு தீர்ப்பாணை வரும். யாருக்கு எவ்வளவு பங்கு என்பது முதல்நிலையில். அளந்து பிரிப்பது இறுதியில். என் சித்தி மகள் "கடைசியில் பார்த்துக்கலாம்" என்று இருந்துவிட்டாள். முதல்நிலையில் அப்பீல் போடாதவர் இறுதியில் பங்கு பற்றி வாய் திறக்க முடியாது. அவளுக்கு அப்படித்தான் போனது. தீர்ப்பாணை தேதியிலிருந்து, அப்பீல் கீழ்க் கோர்ட்டிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள், மற்றக் கோர்ட்டுக்கு என்றால் 30 நாள். அன்றைக்கே நகலுக்கு மனுப் போடுங்கள். கோர்ட் நகல் தர எடுக்கும் நாட்களைக் கழித்துக்கொள்வார்கள், நீங்கள் சும்மா இருந்த நாட்களைக் கழிக்க மாட்டார்கள்.

அப்புறம், அண்ணன்களோடு பேச்சை விடாதீர்கள். வழக்கு நடக்கும்போதே மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆகலாம், கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பி வரும். ஆனால் அங்கே முடிந்ததற்கு அப்பீல் இல்லை. ஒவ்வொரு வரியையும் யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அங்கே கையெழுத்துப் போடுங்கள்.