'பிளினி 6.101' என்பது பக்க எண் அல்ல

முசிறியைப் பற்றியும் ரோமானியரின் மிளகு வணிகத்தைப் பற்றியும் படிப்பவர்கள் அடிக்குறிப்பில் 'பிளினி, எச்.என். 6.101' என்பதைப் பார்த்திருப்பார்கள். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்துக்குக் குறையாமல் இந்தியாவுக்குப் போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி தம் 'ஹிஸ்டோரியா நேச்சுராலிஸ்' (இயற்கை வரலாறு, சுருக்கமாக எச்.என்.) நூலில் வருந்தும் இடம் அது. இதை 101ஆம் பக்கம் என்று நினைத்துத் தேடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. 6 என்பது ஆறாம் புத்தகம். 101 என்பது பத்தி எண். பதிப்பும் மொழியும் மாறினாலும் இந்த எண் மாறாது. அதற்காகத்தான் இந்த முறையே ஏற்பட்டது.

சிலர் இதே இடத்தை 6.26.101 என்று குறிப்பார்கள். நடுவில் இருப்பது பழைய பதிப்புகளின் அதிகார எண். பழைய நூலொன்று வெறுமனே '6.26' என்று சொல்லும்போது அதை 26ஆம் பத்தி என்று கொண்டால், மிளகுக்குச் சம்பந்தமே இல்லாத பகுதிக்குப் போய்ச் சேருவீர்கள். 'என்.எச்.' என்று கண்டால் அது வேறு நூல் என்றும் எண்ண வேண்டாம். இலத்தீன் தலைப்பின் இரு சொற்களை இடம் மாற்றி எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் பிளினிகள் இருவர். வெசூவியஸ் எரிமலை வெடித்த கி.பி. 79இல் இறந்த மூத்தவர்தான் மேலே சொன்ன நூலின் ஆசிரியர். அந்த மரணத்தை விவரித்தவர் அவருடைய சகோதரியின் மகனான இளைய பிளினி. அந்த விவரிப்பு இளையவருடைய கடிதங்களில் 6.16. இருவருக்கும் ஒரே சுருக்கம், இருவருக்கும் ஆறாம் புத்தகம் உண்டு. நூற்பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் படியெடுப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

பிளேட்டோவின் 'குடியரசு 514ஏ' மட்டும் உண்மையாகவே பக்க எண்தான். ஆனால் அது 1578இல் ஸ்டெஃபானஸ் வெளியிட்ட பதிப்பின் பக்கம்; 'ஏ' அந்தப் பக்கத்தின் ஒரு பகுதி. இன்றைய நல்ல பதிப்புகள் அதை ஓரத்தில் அச்சிடுகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுவது சாக்ரடீஸுக்கு முந்தைய கிரேக்கத் தத்துவவாதிகளின் துணுக்குகளைத் திரட்டிய டீல்ஸ்–கிரான்ஸ் தொகுப்பில் நடப்பது. அதில் ஹெராக்ளிட்டஸ் என்ற தத்துவவாதியின் எண் 22. '22 பி 12' என்றால் அவருடைய சொற்களாகத் தொகுப்பாளர்கள் ஏற்றது: அதே ஆறுகளில் இறங்குபவர்கள்மேல் வேறு வேறு நீர் பாய்கிறது. '22 ஏ 6' என்றால் பிறர் தரும் சான்று: ஒரே ஆற்றில் இருமுறை இறங்க முடியாது என்று ஹெராக்ளிட்டஸ் சொன்னதாகப் பிளேட்டோ தெரிவிப்பது. ஏ பகுதியில் இருப்பதை மேற்கோள் குறிக்குள் போட்டு ஹெராக்ளிட்டஸின் வாக்காகத் தருவது அவருக்கும் அநீதி, வாசகருக்கும் அநீதி. பி என்றிருப்பதாலேயே ஐயம் தீர்ந்துவிடுவதும் இல்லை. பி 91இன் சொற்கள் அவருடையவைதாமா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.